உன் மடமும் என் தெருவும்

என் பிரியமுள்ள மச்சான் ராஜவேலுவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கீரப்பாளையத்தில் நம் உரக்கடை அப்படியேதான் ஓடுகிறது. யூரியா வந்தால் கூட்டம், வராவிட்டால் சண்டை. உன் அக்கா மல்லிகாவுக்கு முட்டிவலி ஜாஸ்தியாகிவிட்டது. நம் கவிதா முழுகாமல் இருக்கிறாள். தாய்மாமன் உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதில் ஒரு சிக்கல். அதை நினைக்கும்போதெல்லாம் நீயும் நானும் முடிக்காமல் விட்ட வாக்குவாதம்தான் நினைவுக்கு வருகிறது. பதில் சொல்ல நீ இல்லை. நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

சுனாமியில் உன் மனைவி செல்வி போன பிறகு, கடலூரில் கயிற்றுக் கடையை மூடிவிட்டு அந்த மடத்தில் சேர்ந்தாய். வெள்ளை உடுப்பு. வெளியில் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது. சொந்தக்காரர்களின் நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. மடத்துப் பெரியவர் ஐயா சொன்னால் சொன்னதுதான். கவிதாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீரோடு வரச்சொல்லி உன்னைத் தேடி வந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று பேசினாய்.

"இது ஆளப் புடிக்கிற கூட்டம்டா. உன் மூளையக் கழுவி வெச்சிருக்கானுங்க," என்றேன்.

நீ கோபப்படவில்லை. "நீ மட்டும் இன்னா மாமா? கார்த்திகை ஆனா கருப்புக் கட்டிக்கிற. வெளில தண்ணி குடிக்க மாட்டேங்கிற. எழவு வூட்டுக்குப் போவ மாட்டேங்கிற. குருசாமி உக்காருன்னா உக்கார்ற. எனக்கு வெள்ள, உனக்குக் கருப்பு. வேற இன்னா வித்தியாசம்?"

"நான் மாலையக் கழட்டிடுவேன்டா. உன்னால கழட்ட முடியுமா?"

நீ திரும்பி உள்ளே போய்விட்டாய். சிதம்பரம் பஸ்ஸில் வரும்போது, நல்ல அடி கொடுத்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். சீர் வைக்க ஆளில்லாமல் மணையில் உட்கார்ந்திருந்த கவிதாவின் முகத்தைப் பார்த்தபோது அந்த நினைப்பு இன்னும் உறுதியானது.

ஒரு கடைக்காரனின் குணம் விற்கும்போது தெரியாது. வாங்கினவன் சரக்கைத் திருப்பிக்கொண்டு வரும்போதுதான் தெரியும். மதத்துக்கும் அதுதான் கணக்கு என்று நான் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே வருகிறவனைக் கும்பிட்டுக் கூப்பிடாத கூட்டம் எது? வெளியே போகிறவனை என்ன செய்கிறார்கள் என்று பார். உன் மடம் அதில் தேறாது. என் கோயில் தேறிவிடும் என்று நம்பினேன். நம்மிடம் அரை மனசோடு இருக்க இடமுண்டு. கோயிலுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். யார் கேட்கிறார்கள்?

கேட்டார்கள் மச்சான்.

கவிதா கூடப் படித்த அருளைக் கட்டிக்கொள்வேன் என்று சொன்னபோது, பையன் கடலூர்க் கிறிஸ்தவப் பையன் என்று தெரிந்தும் நான் சம்மதித்தேன். பையன் நல்லவன், வேலையில் இருக்கிறான். நம் தெருவில் ஒரு வீடு விடாமல் பத்திரிகை வைத்தோம். சர்ச்சில் நம் பக்கத்து பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. உன் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வெள்ளை உடுப்போடு நீ வந்தாய், கையில் பட்டுப்புடவைத் தட்டு.

"போன தடவ வைக்காத சீரு. சேத்து வெக்கிறேன்," என்றாய். கவிதா அழுதாள்.

அந்த வாரமே மடத்தில் உன்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நம் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாய். உன்னை மீட்டுவிட்டதாக நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விடியற்காலையில் எழுந்து, யாரும் சேர்ந்து பாடாத அந்தப் பாட்டை நீ தனியாக முணுமுணுப்பாய். ஒரு நாள் கேட்டேன், "அப்படி இன்னாதான் இருந்துச்சி அங்க?"

"ஒரு வேள சாப்பாட்டுக்கு வரலன்னா தேடிக்கினு வருவாங்க மாமா," என்றாய்.

செல்வி போனபோது நாங்கள் பதினாறாம் நாள் வரைக்கும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தானே. அதற்குப் பிறகு நீ சாப்பிட்டாயா என்று யார் தேடினோம்?

அந்த ஆடியில் மாரியம்மன் கோயில் கூழ். வீட்டுக்கு வீடு காய்ச்சிக்கொண்டு வந்து பொதுக் கொப்பரையில் ஊற்றி, கலந்து எல்லோருக்கும் வார்ப்பது நம் தெரு வழக்கம். உன் அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். "ஓரமா வெச்சிட்டுப் போம்மா, அப்பறம் ஊத்திக்கலாம்," என்றார்கள். யாரும் திட்டவில்லை. கூழ் வார்த்து முடித்து, கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் நம் குடம் ஓரத்திலேயே இருந்தது. நீ போய்த் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு சொம்பு மொண்டு குடித்தாய். "நல்ல கூழுக்கா. அவுங்களுக்குக் குடுத்து வெக்கல." அவள் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அன்றைக்கு நீ என்னைக் குத்திக்காட்டியிருக்கலாம். மாலையைக் கழற்றிவிடுவேன் என்றாயே, இப்போது கழற்று பார்ப்போம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

உனக்கு நெஞ்சுவலி வந்து, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மடத்துக்குப் போன் செய்தேன். "அப்படி ஒருத்தர் இங்க இல்லைங்களே," என்றது ஒரு குரல், ரொம்ப மரியாதையாக. நம் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. கடையில் மூட்டை தூக்கும் ஆட்களும் அருளும் அவன் அண்ணன்மாரும்தான் உன்னைத் தூக்கினார்கள். இதே தெருதான் என் அப்பா செத்தபோது மூன்று நாள் அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு போட்டது. தேடி வருகிறவர்களும் கதவைச் சாத்திக் காவல் காக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தானா மச்சான்? ஒன்று இல்லாமல் மற்றது கிடைக்காதா? உன் மடத்தையும் என் தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. ஒன்றுக்கு ஐயா இருந்தார், மற்றதற்கு உத்தரவு போட ஆளே தேவைப்படவில்லை. சாமி மேல் எனக்குச் சண்டை இல்லை. இன்னும் கும்பிடுகிறேன். ஆனால் உன் கேள்விக்கு அன்று நான் சொன்னது பதிலே இல்லை.

போன வாரம் விழாக் கமிட்டிப் பெரியவர் கடைக்கு வந்தார்.

"எத்தினி நாளுக்குக் கலியமூர்த்தி இப்படியே? வர்ற ஆடிக்கு உன் வூட்டுக் கூழ ஊத்திடலாம். பொண்ணு பிரசவத்த மட்டும் கடலூர்லயே வெச்சிக்கச் சொல்லு."

"அது தலைச்சன் பிரசவம்ணே. அம்மா வூட்லதான பாக்கணும்?"

"அதத்தான் வேணாங்கிறோம். அந்தப் புள்ள இங்க பொறந்தா, நாளைக்கு நாங்க வூட்டு வூட்டுக்கு இன்னா பதில் சொல்றது?"

உன் அக்காவுக்கு அந்தத் தெருவை விட்டால் வேறு உலகமில்லை. கோலம் போடும்போதுகூட யாராவது பேசுவார்களா என்று நிமிர்ந்து பார்க்கிறவள். முடிவை அவளிடமே விட்டேன். மூன்றாம் நாள் காலை உன் மாடி அறையைக் கழுவிவிட்டு இறங்கி வந்தாள். "ஒரு தொட்டிலுக்குச் சொல்லுங்க. மேல ரூம்ல வெளிச்சம் நல்லா இருக்கு," என்றாள்.

வெள்ளிக்கிழமை கடலூர் போய்க் கவிதாவை அழைத்து வருகிறோம். பிறக்கிற பிள்ளை கோயிலுக்குப் போகட்டும், சர்ச்சுக்குப் போகட்டும், நாளைக்கு எந்த மடத்திலாவது போய் உட்காரட்டும். நான் கேட்டுக்கு வெளியே நின்று வாதாட மாட்டேன். ஆனால் அது சாப்பிட்டதா என்று தேடிக்கொண்டு போவேன். திரும்பி வந்தால், ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டேன். இது என் வாக்கு.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டிய மாமன்,
கலியமூர்த்தி