இசக்கி சொன்னதாக நான் சொன்னது

8-10-1973

இன்றும் கப்பலில் வந்த நிவாரணக் கோதுமை உப்புமாதான். சமைக்கிற மலையாளத்துக்காரி ஓமனா கடுகு தாளிக்க மறந்துவிட்டாள். பிள்ளைகள் அதைக் கவனிக்கவே இல்லை, தட்டை வழித்துத் தின்றுவிட்டார்கள். இவர்களுடைய அம்மாமார்கள் திருவனந்தபுரம் கரமனையில் கட்டட வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரிகள். காலையில் கல் சுமக்கப் போகும்போது பிள்ளைகளைச் சர்ச் ஹாலில் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் இங்கே கிடைப்பதுதான் நிச்சயமான சாப்பாடு.

நிவாரணக் கமிட்டிச் செயலாளர் யோசுவா சார் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமையில்லை. "டீச்சரே, விஷயம் அறிஞ்சீங்களா? கோதுமை அனுப்புற நாட்டுல, வெளிநாட்டுக்குக் குடுக்குறதை வெட்டணும்னு அவங்க பார்லிமெண்ட்ல பேச்சாம். மெம்பர் ரெண்டு பேர் நேர்ல பார்க்க வாறாங்க. நம்ம ஹாலுக்குத்தான். நீங்கதான் இங்கிலீஷ்ல பேசணும் கேட்டோ."

பேசுகிறேன் என்றேன். எனக்குப் பேசத் தெரியும் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு.

14-10-1973, ஞாயிறு

பேச்சு எழுதி முடித்தேன். "மாண்புமிகு உறுப்பினர்களே" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. மாலையில் அவர்கள் குடியிருக்கும் கொட்டகைகளுக்குப் போய் அம்மாமார்களிடம், "வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வாறாங்க, பிள்ளைகளை நல்லபடியா அனுப்புங்க" என்றேன். சுடலைமாடத்தி, "அதைச் சொல்லணுமா டீச்சரம்மா" என்றாள்.

19-10-1973

எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது. எழுதினால் மட்டும் வந்துவிடுமா?

காலையில் பிள்ளைகள் வந்தபோது எனக்குப் பகீரென்றது. எண்ணெய் வழிய வாரிய தலை, முகம் நிறையப் பவுடர், ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் பிச்சிப்பூ. சுடலைமாடத்தியின் மகள் இசக்கி, ஊரில் ஆடி மாதக் கோயில் கொடைக்குத் தைத்த மஞ்சள் பாவாடையும் சிவப்புச் சட்டையும் போட்டிருந்தாள். கழுத்தில் பக்கத்துக் கொட்டகையில் இரவல் வாங்கிய பாசிமணி. போதாததற்கு அம்மாமார்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சட்டி கொழுக்கட்டை வேறு அவித்து அனுப்பியிருந்தார்கள். விருந்தாளிக்கு.

விருந்தாளி என்றால் அப்படித்தானே செய்வார்கள்? அழுக்குத் துணியோடு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினால் வந்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? நானும் அப்படி வளர்ந்தவள்தானே?

யோசுவா சார் தலையில் கைவைத்துவிட்டார். "இதென்ன டீச்சரே, கல்யாண வீடு மாதிரி? இதைப் பார்த்தா அவங்க நேரா ஊருக்குப் போயி வெட்டிருவாங்களே!"

எனக்கும் அதே பயம்தான். பூவை எல்லாம் பிய்த்தேன். ஈரத் துண்டால் பவுடரைத் துடைத்தேன். கொழுக்கட்டைச் சட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். சுவரில் மாட்டியிருந்த பழைய துணிகளைச் சில பிள்ளைகளுக்கு உடுத்தினேன். இசக்கி மட்டும் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்றாள். கேட்டில் கார் ஹாரன். நான் அவள் தோள் தையலைப் பிடித்து இழுத்தேன். சட்டைக் கை கிழிந்து பாதி தொங்கியது.

ஆமாம். நான்தான். இந்தக் கையால்தான்.

"அய்யோ டீச்சரே, எந்தா இது? குட்டி கரையுது!" என்று அழுத பிள்ளையை ஓமனா வாரி எடுத்தாள். அதற்குள் மெம்பர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். யோசுவா சார் கார் நிறுத்த இடம் காட்ட வெளியே நின்றுவிட்டார். ஒரு பெரியவர், ஒரு பெண்மணி. பெண்மணி அழுகிற இசக்கியிடம் நேராக வந்து குனிந்து, எங்கள் நாட்டு மக்களுக்கு நீ என்ன சொல்ல விரும்புகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

இசக்கி சொன்னாள்: "டீச்சர் என் கொடைச் சட்டையைக் கிழிச்சிட்டாக."

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"எங்கள் சாப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்கிறாள்" என்றேன். இங்கிலீஷில். தடுமாறாமல்.

அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு வாரம் மனப்பாடம் செய்த என் பேச்சை யாரும் கேட்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இத்தனை சுலபமா?

சாயங்காலம் சுடலைமாடத்தி வந்தாள். "சட்டை எப்படிக் கிழிஞ்சுது டீச்சரம்மா?"

"ஜன்னல் கம்பியில மாட்டிக்கிட்டு."

இசக்கி பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமாடத்தி பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "சரி டீச்சரம்மா, தச்சுக்கிடுதேன்" என்றாள். கொழுக்கட்டைச் சட்டியைக் கேட்டாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூடிய வாழையிலை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

20-10-1973

ஜெபிக்க உட்கார்ந்தேன். வாய் வரவில்லை.

2-11-1973

ஓமனா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். அவள் மேல் எரிந்து விழுந்தேன், பால் தண்ணீராக இருக்கிறது என்று. பால் நன்றாகத்தான் இருந்தது.

9-12-1973, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் யோசுவா சார் எழுந்து ஒரு கடிதத்தை வாசித்தார். அந்தப் பெண்மணி அவர்கள் பார்லிமெண்டில் பேசினாராம். திருவனந்தபுரத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டே தன்னிடம் சொன்னாள் என்று சொல்லி, அந்த வாக்கியத்தை வாசித்தாராம். சபையில் சத்தமே இல்லையாம். வெட்டு இல்லை. கோதுமை வரும், பால்பொடியும் வரும்.

எல்லோரும் கை தட்டினார்கள். "நம்ம லீலாபாய் டீச்சரோட உழைப்பு" என்றார் யோசுவா சார். எழுந்து நின்றேன். உட்கார்ந்திருக்கவும் முடியாதே. நாளைக்கே கொட்டகைகளிலும் போய்ச் சொல்லப் போகிறாராம், இசக்கி என்ன சொன்னாள், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று. வேண்டாம் சார் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு, போய்ச் சொல்லியே தீருவேன் என்றார்.

உண்மையை மொழிபெயர்த்திருந்தால்? பிள்ளைகள் பட்டினி. இப்படிச் சொல்லிச் சொல்லியே மனதைத் தேற்றப் பார்க்கிறேன். ஆனால் வாக்கியத்தைத் திருப்பியது பிள்ளைகளுக்காகவா, என் மானத்துக்காகவா? அந்த நேரத்தில் உப்புமா என் நினைவில் இருந்ததா என்ன? அவள் சொன்னதை அவர்கள் கேட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. சீ, என்ன பிறவி நான்!

22-12-1973

சாலைக் கடைத்தெருவில் சிவப்புத் துணி எடுத்து இசக்கிக்குச் சட்டை தைத்துக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு என்று சொன்னேன். எதற்கு என்று சொல்லத் துணிவு வரவில்லை. சுடலைமாடத்தி இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நல்லா இருக்கு டீச்சரம்மா."

8-2-1974

வேறு இரண்டு மெம்பர்கள் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். கொட்டகைக்குப் போய்த் தெளிவாகச் சொன்னேன்: உங்களுக்கு எப்படி மனசோ அப்படி அனுப்புங்க. பூ வைத்தாலும் சரி, கொழுக்கட்டை தந்தாலும் சரி. நான் எதையும் தொடமாட்டேன். சுடலைமாடத்தி தலையாட்டினாள்.

இந்தத் தடவை பிள்ளைகள் சொல்வதை அப்படியே சொல்வேன். என்ன ஆனாலும் சரி.

12-2-1974

பூ இல்லை. பவுடர் இல்லை. ஒரு தலையில்கூட எண்ணெய் இல்லை. இருப்பதிலேயே பழையதை உடுத்தி அனுப்பியிருந்தார்கள், யாரும் சொல்லாமலே. சுடலைமாடத்தி வேலைக்குப் போகாமல் இசக்கியைத் தானே கூட்டி வந்தாள். நான் தைத்துக் கொடுத்த சிவப்புச் சட்டை. தோளில் தையல் விட்டுக் கை தொங்கியது.

"நானே பிரிச்சுக் கொண்டாந்துட்டேன் டீச்சரம்மா. கார் வந்த பொறவு நீங்க கெடந்து அவசரப்பட வேண்டாம்லா."

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஒத்தாசையாகத்தான் சொன்னாள்.

மெம்பர்கள் வந்தார்கள். பெயர் கேள்விப்பட்டிருப்பார்கள் போல, நேராக இசக்கியிடம் போய் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைகட்டிக்கொண்டு, ஆராதனையில் வசனம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: "எங்க சாப்பாட்டை நிறுத்திராதீக."

ஒரு வார்த்தை மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.