நாலாவது கோரும் மேல் லயத்து மலையும்

ஜன. 5, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. ஸ்டூடியோவுக்கு லீவு சொல்லிவிட்டு எதிர்மலை ரோட்டுக்குப் போய் போனில் படம் எடுத்து வந்தேன். போன மாதம் பெருமழை ஓய்ந்ததும் எடுத்த அதே இடங்களில் நின்று, அதே வரிசையில். அங்கிருந்து பார்த்தால் நம் தேயிலைத் தோட்டத்து டிவிஷன் முழுவதும் தெரியும். வரிசை வீடுகளான மேல் லயம், அதற்குக் கீழே நாங்கள் இருக்கும் நடு லயம், கோயில், பெக்டரி. மேல் லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் ஓடும் வெடிப்பு மட்டும் தெரியவில்லை. தண்ணீர் இறங்காமல் கறுப்புப் பொலித்தீன் போட்டு மூடியிருக்கிறார்கள்.

வெடிப்பு வளர்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வந்த அதிகாரிகள், மழை கூடினால் எழும்பிப் போங்கள் என்றார்கள். எவ்வளவு கூடினால்?

கொழும்பில் நில அளவை படிக்கும் தம்பி ஜூட் கொடுத்த யோசனைதான் இந்தப் படங்கள். அப்போது எடுத்ததையும் இப்போது எடுத்ததையும் கம்பியூட்டரில் கொடுத்தால் அது மலையின் உருவத்தைக் கட்டும். இரண்டு உருவத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், நகர்ந்த இடம் சிவப்பு.

என் கம்பியூட்டர்தான் பிரச்சினை. பதுளையில் பழைய சாமான் கடையில் ஒவ்வொன்றாக வாங்கி நானே பூட்டியது. கல்யாண ஆல்பத்துக்குப் போதும். இதற்கு இல்லை. கணக்குப் போடும் கோர் இரண்டே இரண்டு. பழைய படங்களை நேற்று ஏற்றினேன், பாதியில் கரண்ட் போய் எல்லாம் வீண்.

ஜூட்டிடம் சொன்னேன்.

"அக்கா, அந்தப் புரொசெசர் உள்ளுக்குள்ள நாலு கோர் உள்ளது. ரெண்ட மூடிட்டுத்தான் வித்தாங்க. ஒங்க போர்டுல அதத் தெறக்குற செட்டிங் இருக்கு."

"ஏன் மூடுனாங்க?"

"செலது கோளாறுன்னு மூடுனது. செலது சும்மா, வெல கொறச்சு விக்க."

"என்னோடது எது?"

"தெறந்தாத்தான் தெரியும்."

ஜன. 7, புதன்

மழை. மகள் அனிக்கு இருமல். கொத்தமல்லி வாங்க வேண்டும்.

திறந்தேன். இரண்டையும் ஒரேயடியாக. திரை கறுப்பு. காற்றாடி சுற்றுகிறது, படம் இல்லை. பட்டனை அழுத்தி நிறுத்தி மறுபடி போட்டேன். கறுப்புதான். ஸ்டூடியோ வேலையெல்லாம் இதற்குள்தான். எரித்துவிட்டேனோ.

ஜூட் போனில் சொல்லச் சொல்ல, போர்டில் இருக்கும் காசு மாதிரிச் சின்ன பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வைத்திருந்து மறுபடி போட்டேன். செட்டிங் எல்லாம் மறந்து பழையபடி வந்தது. உயிர் வந்தது எனக்கும்.

பிறகு ஒன்று ஒன்றாக. மூன்றாவது கோர்: வந்தது. நாலாவதும் சேர்த்து: கறுப்பு. வோல்டேஜ் ஒரு படி கூட்டினேன். வந்தது! நாலும் தெரிகின்றன.

ஆனால் சூடு காட்டும் இடத்தில் பூஜ்யம். கோர் திறந்தால் அந்த அளவு வேலை செய்யாதாம். எவ்வளவு சூடு என்று தெரியாமலே ஓட்ட வேண்டும். புரொசெசர்மேல் இருக்கும் அலுமினியக் கட்டையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் ராஜன் பெக்டரியிலிருந்து வந்து எட்டி நின்று பார்த்தார். "பிள்ள இருக்குற எடம். வெடிச்சிறாதே?"

வெடிக்காது என்றேன். நிச்சயமாகத் தெரியாது.

ஜன. 8, வியாழன்

முடிந்தது. பின்னேரத்துக்குள் முடிந்தது! சந்தோஷம் ஒரு நிமிடம்தான்.

மேல் லயத்துக்குப் பின்னால் சிவப்பு. கடைசி வீட்டுக் காம்பராக்களுக்கு நேர் மேலே, ஒரு பெரிய நாக்கு மாதிரி. மற்ற மலையெல்லாம் பச்சை.

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைசிக் காம்பரா பாக்கியம் அக்காவுடையது. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். பொங்கல் வருகிறதே என்று சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்கு அடியில் புதுக் கீறல். அக்காவும் பார்த்துத்தான் அடிக்கிறார்.

"கதவு வேற சாத்த மாட்டேங்குது ஸ்டெல்லா. மழையில மரம் ஊதியிருச்சு போல."

சொல்லிவிட்டேன். யோசிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவின் கையில் இருந்த மட்டை கீழே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மேல் லயம் முழுக்கச் சத்தம். பொட்டணம், பிள்ளைகள், கோழி, எல்லாரும் சர்ச் ஹோலுக்கு இறங்கினார்கள். நாங்களும்.

ஜன. 9, வெள்ளி

எப்படி எழுதுவது.

ஜூட்டுக்கு அனுப்ப வேண்டுமே என்று அதே படங்களை மறுபடி ஓட்டினேன். சிவப்பு வேறு இடத்தில். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கரும்பாறை சிவப்பு. பெக்டரிக் கூரை சிவப்பு. மேல் லயத்துக்குப் பின்னால் வெறும் பச்சை.

பாறை நகருமா?

ஜூட்டைப் போனில் கேட்டேன். "ஒரே படத்துக்கு ரெண்டு விட வருதுன்னா கோளாறு மெசின்ல அக்கா. தெறந்த கோர்ல ஒண்ணு கணக்கத் தப்பாப் போடுது. நிக்காது, எரர் காட்டாது. சும்மா தப்பாச் சொல்லிட்டே இருக்கும்."

எவ்வளவு பேர் அந்த ஹோலின் சிமெந்துத் தரையில் பிள்ளைகளோடு படுத்தார்கள். போய்ச் சொன்னேன். சொல்லும்போதே முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருவர், "கம்பியூட்டர்காரி நம்மள வச்சு வெளாடுறா" என்றார். இன்னொருவர் சிரித்தார். பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. பாயைச் சுருட்டினார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். எல்லாரும் ஏறினார்கள்.

மலை நகரவில்லை என்றால் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. முதல் விடை பொய்யா, இரண்டாவது பொய்யா? இரண்டுமே பொய்யானால் மலையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் இறங்கி வந்தவர்களை மறுபடி ஏற்றிவிட்டது நான்தான்.

ஜன. 10, சனி

மழை கனக்கிறது. ஓடையில் தண்ணீர் செம்மண் நிறம்.

கோர்களைத் தனித்தனியாகச் சோதித்தேன். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடவைத்து விடையைச் சரிபார்க்கும் புரோகிராம்.

1 - சரி.
2 - சரி.
3 - சரி. ரொம்ப நேரம் ஓடவிட்டேன், சரிதான்.
4 - உடனே பிழை.

வோல்டேஜ் இன்னொரு படி கூட்டினேன். நாலாவது கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. நம்பப் பார்த்தேன். மறுபடி பிழை. இன்னும் கூட்டலாம். விரல் வைக்க முடியாத சூடு, அளவோ பூஜ்யம். நிறுத்தினேன்.

நாலை மூடினேன். மூன்றை வைத்துக்கொள்ளலாம் என்றான் ஜூட். இன்று சரி, நாளை? அதையும் மூடிவிட்டேன். வோல்டேஜையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். கடைக்காரன் விற்ற அதே இரண்டு. சூடு காட்டும் இடத்தில் மறுபடி எண் வந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

ஆனால் இரண்டு கோரில் ஒரு நாளுக்கு மேல் ஓட வேண்டும். காலையிலிருந்து கரண்ட் போய்ப் போய் வருகிறது.

ராஜன்தான் சொன்னார்: "பெக்டரியில ஜெனரேட்டர் இருக்குல்ல. டீமேக்கர் ஐயாகிட்ட கேக்குறேன்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

பெக்டரியை நடத்தும் டீமேக்கர் சிரிக்கவில்லை. தேயிலை சலிக்கும் அறைக்குப் பக்கத்துச் சின்ன ஒபிசைத் திறந்துவிட்டார். ராஜன் மழைக்கோட்டைக் கழற்றி மெசினுக்குச் சுற்றி, தான் நனைந்துகொண்டு சுமந்து போனார். இரண்டாவது ஷிப்ட் தொடங்கும்போது ஓடவிட்டேன்.

ஜன. 11, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பெக்டரி ஒபிசில். எங்கும் தேயிலைத் தூள் வாசம். தூள் காற்றாடிக்குள் போகாமல் ஈரத் துணி கட்டியிருக்கிறேன். கரண்ட் போனது, ஜெனரேட்டர் வரும்வரை ராஜன் பிரீஸ்கூலில் இரவல் வாங்கி வந்த யூ.பி.எஸ். தாங்கிக்கொண்டது.

மழை நிற்கவேயில்லை. மெசின் மெதுவாக, மாடு ஏறுவது மாதிரி. அனி ராஜனோடு பெக்டரிக்குள்தான். நடு லயத்துக்கு அவளை அனுப்ப மனம் வரவில்லை. அப்படியானால் மேல் லயத்துப் பிள்ளைகள்?

இடையில் ஒரு தரம் எழுந்து வாசலுக்குப் போனேன். பாக்கியம் அக்காவிடம் போய், எதற்கும் இறங்கிவிடுங்கள் என்று சொல்லலாம். எதை வைத்து? திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்த நேரம் மலை வந்திருந்தால்?

மூன்று மணிபோல முடிந்தது.

கரும்பாறை பச்சை. கூரை பச்சை. கோயில் பச்சை. மேல் லயத்துக்குப் பின்னால் சிவப்பு. முதல்நாள் பார்த்ததைவிடச் சின்னது, ஆனால் அதே இடம். அந்தத் துண்டை மட்டும் வெட்டி மறுபடி ஓட்டினேன். அதே சிவப்பு. இன்னொரு தடவை. அதேதான்.

ஜூட்டுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அக்கா, இது மெசின் இல்ல. மலதான். நீங்க முதல்ல அனிய எடுங்க."

மேலே ஏறினேன். மறுபடி அதே வாசல்கள். பாக்கியம் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"மொத நாளு நகருதுன்ன. அடுத்த நாளு இல்லன்ன. இன்னைக்கி மறுபடி நகருதுங்கிற. நான் எத நம்புறது ஸ்டெல்லா?"

"எனக்குத் தெரியலக்கா. நான் அனிய இங்க படுக்க விடமாட்டேன். அவ்வளவுதான் தெரியும்."

அக்கா சட்டியை அப்படியே இறக்கி வைத்தார். "சரி. பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்துக்கிறேன்."

மற்றவர்கள் அசையவில்லை. கிராம சேவகர் மேடத்துக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன், நாலாவது கோர் சொன்ன பொய்யையும் மறைக்காமல். மேடம் சிங்களக்காரர், தமிழ் கொஞ்சம்தான். கேட்டுவிட்டு, போனை ஸ்பீக்கரில் போடு என்றார்.

"கம்பியூட்டர் சரி, பிழை, அது வேற. மழை பார்த்தாச்சு. நான் சொல்றது. எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே."

போனார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான். கம்பியூட்டர்காரி என்ற பெயர் மறுபடி காதில் விழுந்தது. விழட்டும். எங்கள் நடு லயமும் இறங்கியது.

ஜன. 12, திங்கள்

ஸ்கூல். பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய். அனிக்கு இருமல் கூடிவிட்டது. காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடவில்லை, மலையில் வேலை இல்லை.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் மாடு பார்க்க மேலே போய் வந்து, "எல்லாம் அப்படியேதான் இருக்கு" என்றார்கள். என் பக்கம் பார்த்துச் சொன்னார்கள்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போகலாமா என்று எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள், ஏதோ நான் மலையைப் பூட்டி வைத்திருப்பதுபோல். மறுபடி தப்பானால் இந்த டிவிஷனில் இனி யாரும் எதற்கும் இறங்க மாட்டார்கள். அந்தப் பயம் ஒரு பக்கம். தப்பாகக் கூடாது என்று நான் வேண்டினால், அது மலை விழ வேண்டும் என்று வேண்டுவது. இன்று ஜெபம் சொல்லவே பயமாக இருந்தது.

ஜன. 13, செவ்வாய்

காலையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். லொறி மண் கொட்டுவது மாதிரிச் சத்தம், ஆனால் நிற்காமல். பிறகு மரம் முறியும் சத்தம். பிறகு நாய்கள்.

மேல் லயத்தின் கடைசி நாலு காம்பராக்கள் இல்லை. மண் நடு லயத்துச் சுவர்வரை வந்து நின்றிருக்கிறது. எங்கள் குசினி ஜன்னலுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைச் செடி, வேரோடு.

ஆட்களை எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். எல்லாரும் ஸ்கூலில். பாக்கியம் அக்காவின் பசு மட்டும் தொழுவத்தோடு போய்விட்டது. அக்கா அதற்கு அழுதார். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். ராஜன் அனியைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

பிற்பகல் மேடம் வந்தார், அதிகாரிகளும் வந்தார்கள். படங்களைக் கேட்டார்கள், கொடுத்தேன். எப்போது திரும்பிப் பார்ப்பார்கள் என்று தெரியாது.

இருட்டுவதற்குள் பாக்கியம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கம்பியூட்டர்காரி என்று சிரித்தவரும் பின்னால் நின்றார். இன்னும் சிலர். யாரும் சிரிக்கவில்லை.

"மிச்ச மல நிக்குமா ஸ்டெல்லா? அந்த மெசின் என்ன சொல்லுது?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். திட்டினபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

"மழ விட்டதும் படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேங்க்கா."

சொல்லிவிட்டேன். வெளியே இன்னும் பெய்கிறது.