முறிவின் வயது

ஜூன் 14, 2025, சனி

கும்மிடிப்பூண்டியில் இன்று இரண்டு அச்சுத்தண்டுகளை நிராகரித்தேன். உற்பத்தி மேலாளர் வரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இரும்பில் விரிசல் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எத்தனையோ மேலாளர்கள் இப்படித் திரும்பிப் போய்விட்டார்கள்.

மீஞ்சூரில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது மகள் ஜெனிபர் அறைக்குள் இருந்தாள். சாப்பிட வரவில்லை. காரணத்தை என் மனைவி மோனிகாதான் சொன்னாள். போன சனிக்கிழமை திருவள்ளூர்க் கல்லூரி விழாவில் வாசிப்பதற்காக, இசைக்குழுவை நடத்தும் பரத்திடம் அவனுடைய பழைய அமெரிக்க எலெக்ட்ரிக் கிட்டாரை மகள் இரவல் வாங்கியிருக்கிறாள். வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்து, எல்லோர் முன்னிலும் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் பரத் குழுவின் வாட்ஸப்பில் ஒரு படம் போட்டிருக்கிறான். கிட்டாரின் கழுத்து, தலையோடு சேரும் இடத்தில் பிளந்து கிடக்கிறது. கீழே ஒரு வரி: "ஜெனி ஒட்ச்சி பொட்டில வச்சி குட்த்துட்டா."

ஒரு வாரமாக இதை என்னிடம் சொல்லவில்லை. ஏன்?

ஜூன் 15, ஞாயிறு

கேட்டேன். "கீழ போடலப்பா. எங்கியும் இடிக்கல. ஆனா கடைசியா வாசிச்சது நான்தான். ஒருவேள நான்தானோ என்னவோ" என்றாள்.

அந்த 'ஒருவேளை'தான் என்னைச் சுட்டது. செய்யாத குற்றத்தை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். ஆலயத்தில் இன்று வாசிக்க மறுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மாலையில் பரத்தின் தந்தை சுப்பிரமணி அழைத்தார். செவ்வாப்பேட்டைக்கு அப்பால் நெல் நிலம் உள்ளவர். "இன்னா சார், ஒங்க பொண்ணு ஒட்ச்சி குட்த்துட்டு போய்ட்ச்சி, நீங்க கம்முனு கீறீங்க? எம்புள்ள இன்னா வெல குட்த்தானோ அத்த குட்த்துட்டு பொருள எட்த்துக்கினு போங்க. ஒங்க ஜனத்துக்கு இரவல் குட்த்தது அவன் தப்பு."

ஒங்க ஜனம். என் தாத்தா அப்படிப்பட்டவர்களின் வயலில் அறுத்தவர். அதைச் சுப்பிரமணியும் மறக்கவில்லை என்று தெரிந்தது.

"வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பொருளையும் சோதிக்காமல் வாங்குவது என் வழக்கம் அல்ல. சனிக்கிழமை வருகிறேன். அதுவரை அதை யாரும் ஒட்டவோ துடைக்கவோ வேண்டாம்" என்றேன்.

மோனிகா கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க இப்டி சுத்தத் தமிழ்ல பேச ஆரம்பிச்சாதான் எனக்கு பயமா கீது. பணத்த குட்த்துட்டு வந்துருங்க. பேஜாரு வேணாம்."

ஜூன் 17, செவ்வாய்

கிட்டாரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முறிவைப் பற்றித் தெரியும். எந்த முறிவுக்கும் ஒரு வயது உண்டு.

படித்ததில் தெரிந்தது: இந்த வகையில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், அந்த வளைவில் மரம் மெல்லியது. ஒடிந்ததை ஒட்டி, மேலே மெருகு பூசி, ஒடியாததுபோல் விற்பவர்கள் இருக்கிறார்கள். பழைய மெருகு புற ஊதா ஒளியில் வெளிறிய பச்சையாக ஒளிரும். பின்னால் பூசியது ஒளிராது. விரிசல் பார்க்கும் அந்த விளக்கோடுதான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று எதையும் நிராகரிக்கவில்லை. வரதன் வந்து, "இன்னா சார், ஒடம்பு சரியில்லயா?" என்றார்.

ஜூன் 21, சனி

ஜெனிபரையும் அழைத்துச் சென்றேன். வர மாட்டேன் என்றாள். "உன்னைப் பற்றிய விசாரணை நீ இல்லாமல் நடக்கக் கூடாது" என்றேன். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிச் செவ்வாப்பேட்டையில் இறங்கினோம்.

வீட்டுக்குள் அழைக்கவில்லை. கார் ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். இருந்தது ஒரே நாற்காலி. அதில் சுப்பிரமணி. நாங்கள் நின்றோம்.

முறைப்படி தொடங்கினேன். பெட்டியின் வெளிப்புறம், உட்புறம்: அடிபட்ட தடம் இல்லை. கம்பிகளைத் தளர்த்தினேன். உடல் மரத்தில் சில்லறைக் கீறல்கள். கழுத்துக்குக் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளின் தேய்மானம் சீராக இருந்தது. மின்னிணைப்புகள் மீட்டரில் சரியாகக் காட்டின.

"தல ஒட்ஞ்சி தொங்குது. நீ அடில இன்னாத்த தேடிக்கினு கீற?" அவர் 'நீ'க்கு இறங்கியிருந்தார்.

"வாங்குகிறவன் முழுவதையும் பார்ப்பான். ஷட்டரை இறக்கச் சொல்லுங்கள். இருட்டு வேண்டும்."

"பட்டப் பகல்ல சினிமா காட்டப் போறியா?"

பையிலிருந்து விளக்கை எடுத்தேன். பரத்தே போய் ஷட்டரை இறக்கினான்.

விளக்கைப் போட்டேன். கழுத்தின் பின்புறம் நெடுகிலும் வெளிறிய பச்சை. தலையை நெருங்கும் இடத்தில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, சட்டைக்குப் போட்ட ஒட்டுப்போலக் கறுப்பு. ஜெனிபர் மூச்சை இழுத்தது இருட்டில் கேட்டது.

ஷட்டரைத் தூக்கியதும் உருப்பெருக்கியைப் பிளவின்மேல் வைத்தேன். ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் புது மரத்தின் வெளுப்பு. மற்றதெல்லாம் பழுப்பு, இழைகளுக்குள் பழைய பசை கண்ணாடிபோல் இறுகியிருந்தது.

"இது உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒடிந்தது. ஒட்டிப் பூசி உங்கள் மகனிடம் விற்றிருக்கிறார்கள். அன்று விட்டுப்போனது அந்தப் பழைய பசை. யார் வாசித்திருந்தாலும் விட்டிருக்கும்."

பரத் உருப்பெருக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை அவன் முகத்தில் பார்த்தேன், மறுக்க மாட்டேன்.

"வாங்கசொல்லோ நீ பாக்கலியா?" என்றார் சுப்பிரமணி.

"மெட்ராஸ்ல பெரிய பங்களா நைனா. கேட்டுலயே நிக்க வச்சி குட்த்தாங்க. அங்க தொறந்து, திருப்பிப் பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"மாடு புடிக்கசொல்லோ வாயத் தொறந்து பல்ல பாக்கறோம். இத்த பாக்க வெக்கமா உனுக்கு? அடச் சீ!"

அதோடு கிளம்பியிருக்க வேண்டும். முடியவில்லை. "என் பொண்ணுடா அது! ரெண்டு வாரமா சோறு துண்ணல, தெரியுமாடா உனுக்கு?" — படிக்கப் போன நாளிலிருந்து நான் ஒதுக்கி வைத்த பேச்சு. யாரைப் பார்த்துச் சொன்னேன், தந்தையையா, மகனையா? ஜெனிபர் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

நிரூபித்துவிட்டேன். கோபம் இறங்கவில்லை. இறங்கும் என்று யார் சொன்னது?

ஜூன் 24, செவ்வாய்

பரத் வீட்டுக்கு வந்தான். மோனிகா நாற்காலி போட்டு டீ கொடுத்தாள்.

"அங்கிள், மன்னிச்சிக்கோங்க. ஆனா இத்த வெளிய சொல்லாதீங்க. நல்லா ஒட்டி வேற யார்கிட்டயாச்சும் தள்ளி உட்டுட்றேன்."

"எங்கே அவள் பெயரை எழுதினாயோ, அங்கேயே இதையும் எழுது. இப்போதே" என்றேன்.

எழுதினான். மேசைமேல் இருந்த ஜெனிபரின் கைபேசி ஒலித்தது. அவள் அதை எடுக்கவில்லை. அவனையே பார்த்து, "மறச்சி விக்காத பரத். நானே வாங்கிக்கிறேன். ஒட்ஞ்ச வெலைக்கு" என்றாள்.

நான் திகைத்துப்போனேன். அவன் போகும்வரை பொறுத்திருந்து, "நான் நிராகரித்த பொருள் அது" என்றேன்.

"நீங்க ஒடஞ்சத பாத்தீங்க. நான் வாசிச்சேன்ப்பா. என் கைல அந்த மாதிரி சத்தம் வந்ததே இல்ல. சரியா ஒட்டினா மரத்தவிட ஒட்டுதான் உறுதின்னு நீங்கதான சொல்வீங்க?"

சொல்லியிருக்கிறேன். உண்மையும்கூட. அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாகிறது. அந்த வீட்டுப் பொருள் இந்த வீட்டில் எதற்கு?

ஜூலை 27, ஞாயிறு

ஒடிந்த விலைக்கு வாங்கி ஒட்டவைத்த அந்தக் கிட்டாரை ஆலயத்தில் வாசித்தாள். மூன்றாம் பாடலில் கண்களை மூடிக்கொண்டாள். நான் கிட்டாரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் 6, சனி

பரத் ஜெனிபரைக் கைபேசியில் அழைத்தான். வேறொரு குழுவோடு செங்குன்றத்தில் கச்சேரியாம். கிட்டார் ஒரே ஒரு நாளைக்கு வேண்டுமாம். கூடாது என்று சைகை காட்டினேன். ஜெனிபர் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள்: "தர்றேன். ஒங்கப்பாவ இட்டுக்கினு வா. எட்த்துக்கினு போறதுக்கு முன்னாடி அவரே நல்லா பாத்துக்கட்டும்."

வர மாட்டார் என்றே நினைத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். மோனிகா சோபாவைக் காட்டினாள்.

ஜெனிபர் பெட்டியைத் திறந்து, கிட்டாரைத் திருப்பி அவர் மடியில் வைத்தாள். அவர் கைகளை அந்தரத்திலேயே வைத்திருந்தார்.

"தொட்டுப் பாருங்க அங்கிள். இந்தாண்டதான் ஒட்டு."

விரலால் தடவினார். "ஒண்ணும் தட்டுப்படலியேம்மா."

"தட்டுப்படாது. ஆனா ஒட்ஞ்சதுதான். பாத்துக்கினீங்க இல்ல?"

"பாத்துக்கினேன் தாயி."

"அப்ப எட்த்துக்கினு போங்க."

நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.