பெரிய சனிக்கிழமை நெருப்பு

ஆம்பூர்,
20 பிப்ரவரி 1931

அன்புள்ள ஆரோக்கியத்துக்கு,

சேசு மரி சூசை உன்னைக் காப்பார்களாக. விபூதிப் புதனன்று மத்தியானமே ரயிலேறிவிட்டாய். வேலூரில் உன் அக்கா ராஜம்மாள் வீட்டுக்குச் சுகமாய்ச் சேர்ந்தாயா என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

போன வருஷக் குருத்தோலைகளை வீடு வீடாய் வாங்கி, எரித்து, விபூதிப் புதனன்று நெற்றியில் இடும் சாம்பலாக்குவது கோயில்பிள்ளையான என் வேலை. நம் வீட்டு ஓலைகளோடு நம் செசிலி பின்னிய சிலுவையும் தவறிப்போய்ச் சேர்ந்துவிட்டது. நானும் அவளைப் பறிகொடுத்தவன்தானே?

பக்கத்து வீட்டு வஜீதா, "இன்னாண்ணே, அக்கா கோவிச்சிக்கினு போய்ட்டாங்களா?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

உன்,
இஞ்ஞாசி

வேலூர்,
1 மார்ச் 1931

செசிலி அப்பாவுக்குத் தோத்திரம்.

சுகமாய்த்தான் இருக்கிறேன். அக்கா வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் எனக்கும் துணி மடிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போடாதீர்கள்.

மற்ற ஓலைகள் கதவு நிலையில் இருந்தன. அவள் சிலுவை மட்டும் மாதா படத்துக்குப் பின்னால், சிவப்பு நூல் கட்டி இருந்தது. முக்காலி போட்டு ஏறாமல் அது கைக்கு எட்டாது. சாமியார் என் நெற்றியில் சாம்பல் இட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நெற்றியைக் கழுவ இரண்டு நாள் மனம் வரவில்லை.

உள்ளதை எழுதுங்கள், வந்துவிடுகிறேன். பெரிய வெள்ளியன்று வழக்கம்போல அடுப்பை அணைத்துவிடுங்கள். மறுநாள் பெரிய சனிக்கிழமை காலையில் கோயில் வாசலில் புது நெருப்பு வாங்கி, எப்போதும் போல நானே நம் அடுப்பை மூட்டுகிறேன்.

ஆரோக்கியம்

வேலூர்,
4 ஏப்ரல் 1931, பெரிய சனிக்கிழமை

செசிலி அப்பாவுக்கு,

நேற்று வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை இந்த ஊர்க் கோயிலில் புது நெருப்பு வாங்கினேன். அக்கா வீட்டுப் பின்னறையில் தனியாக அடுப்பு போட்டு மூட்டியாயிற்று. இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

செசிலியின் அம்மா

ஆம்பூர்,
7 ஏப்ரல் 1931

ஆரோக்கியத்துக்கு,

முக்காலி போட்டு ஏறினேன். தெரிந்தேதான் எடுத்தேன்.

தினமும் நீ அதன் முன்னால் நின்று அழுததால் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்குத்தான் தாங்கவில்லை. சாமியார் மந்திரித்த ஓலையை எரிப்பதுதானே முறை, யார் என்னைக் குறை சொல்லப்போகிறார்கள் என்றிருந்தேன். சாமியார் உனக்குச் சாம்பல் இட்டபோது தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்.

இதைத் தபசுகாலம் நாற்பது நாளும் ஏழெட்டுத் தரம் எழுதிக் கிழித்தேன். வெட்கம் விடவில்லை. நீ எப்படியும் வந்துவிடுவாய் என்ற தைரியம் வேறு.

சனிக்கிழமை புது நெருப்புக்குச் சக்கிமுக்கிக் கல்லைத் தட்டியது நான்தான். சட்டியோடு வந்த எல்லாருக்கும் தணல் எடுத்துப் போட்டேன். உன்னைத் தேடிக்கொண்டே கடைசி வரை நின்றேன். பெரிய வெள்ளியன்று அணைத்த நம் அடுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. வஜீதா வீட்டிலிருந்து சோறு வருகிறது.

இஞ்ஞாசி