உன் எடைக்கென ஒரு சைக்கிள்

அன்புள்ள அக்ஷயா,

நான் நலம். நீ நலமா? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

உனக்கு இரண்டாம் முறையும் விசா மறுத்த கடிதத்தை முழுமையாகப் படித்தேன். மூன்றாவது மனுவால் முடிவு மாறும் என்று ஒரு வழக்கறிஞனாக என்னால் எழுத இயலவில்லை.

இங்கே வான்கூவர் மலைப்பாதையில் நீ ஓட்டுவதற்காகப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய சைக்கிள் ஞாயிறன்று நிறைவடைந்தது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உள்ள வண்டி. ஓட்டுபவரின் எடைக்கேற்ப அவற்றில் காற்றழுத்தம் வைக்க வேண்டும். நீ இல்லாததால், ஐம்பத்திரண்டு கிலோ அரிசியை மூட்டைகளாக இருக்கையில் கட்டி, அது எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்தேன். ஒரு மூட்டை நழுவி என் காலில் விழுந்தது. சிறிய வீக்கம்தான், கவலை வேண்டாம்.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "ஏனுங்க, வராத ஆளுக்கு எதுக்குங்க வண்டி? அரிசியவே உக்கார வெச்சு ஓட்டுங்க" என்று சிரித்தாய்.

ஐம்பத்திரண்டு என்பது நம் திருமணத்தின்போது உனக்கு இருந்த எடை. அதை இன்றைக்கும் ஆதாரமாகக் கொள்வது முறையன்று. அன்னூர் கடைவீதியில் எடை பார்த்து எழுது. பயன் இராது என்று அறிவேன். ஆயினும் அளவு சரியாக இருக்கட்டும்.

மூட்டைகளை இறக்கியதும் இருக்கை தானே மேலெழுந்து நின்றுவிட்டது. அலுவலகத்துக்கு நேரமாகிறது.

உன்,
பிரகதீஷ்