பின் ஸ்பீக்கரில் நைனாவின் குரல்

என் அன்பு நைனாவுக்கு,

உன் ஸ்டுடியோ கம்ப்யூட்டரை நான் திறந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்தவரை அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டாய். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் என் புகுந்த வீடு இருக்கும் நகரியிலிருந்து காலை பஸ்ஸில் திருத்தணி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, என் கல்யாண வீடியோவை நானே எடிட் செய்கிறேன். நீ எடுத்ததிலேயே நீ முடிக்காமல் போன ஒரே கல்யாணம் அது.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். மார்கழியில் நீ இல்லை. நடுவில் இருந்த நான்கு மாதத்தில் ஊரார் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தாய். நம் வீட்டுக் கல்யாணத்தை மட்டும் நிதானமாகச் செய்யலாம், ஐந்து ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரி செய்ய வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போனாய். ஒரு சாயங்காலம் நெஞ்சு எரிகிறது என்று படுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. வேறு ஆளை வைத்து எடுக்கலாம் என்று அம்மா எத்தனை தடவை சொன்னாள்? நீ கேட்கவில்லை. தாரை வார்க்கப் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் உட்காரவைத்துவிட்டு நீ கேமராவோடு நின்றாய். தாலி கட்டுகிற நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லென்ஸ் இருந்தது.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டேனே, நினைவிருக்கிறதா? "ஒரு நாளாச்சும் அந்த கேமராவ கீழ வச்சிருக்கக் கூடாதா நைனா?" நீ சிரித்தாய். சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

ஃபோட்டோக்களில் ஒன்றிரண்டில் விறைப்பாக நிற்கிறாய். வீடியோவில், அத்தனை மணி நேரத்தில், ஒரு நொடிகூட நீ இல்லை. முதல் இரண்டு ஞாயிறும் உன் நிழலாவது எங்கேயாவது விழுந்திருக்கிறதா என்றுதான் தேடினேன்.

படத்தை வெட்டி ஒட்டுவதை எப்படியோ பழகிக்கொண்டேன். சத்தம்தான் வசப்படவில்லை. அன்றைக்குப் பெரிய முகூர்த்த நாள். மலைக்கோயில் மண்டபத்தில் நமக்கு வலப்பக்கம் ஒரு கல்யாணம், இடப்பக்கம் ஒன்று, பின்னால் இன்னொன்று. நான்கு மேளமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எந்த நாதஸ்வரம் யாருடையது என்றே தெரியாத இரைச்சல். உன் மாப்பிள்ளை மோகன் கேட்டுப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டுவிடலாம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. உன் அஞ்சு ஸ்பீக்கர் பேச்சு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கூடத்தில் நீ மாட்டி வைத்த இடத்திலேயே அவை இருந்தன. முன்னால் மூன்று, பின்சுவரில் இரண்டு, மூலையில், அடித்தொனிக்கென்று அந்தப் பெரிய பாஸ் பெட்டி. பின்னால் இருந்த ஒன்றின்மேல் அம்மா குங்குமச் சிமிழை வைத்திருந்தாள். கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கிவந்து, ஒயர் இழுத்து, எது எங்கே போகிறது என்று தெரியாமல் இடது வலது மாற்றிச் செருகி, அரைநாள் வீணாக்கினேன். செய்துகாட்டும் வீடியோக்களை இணையத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. ப்ராஜெக்ட் இரண்டே ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவில் இருந்தது. அதைச் சுற்றிலும் கேட்கிற சரவுண்டுக்கு மாற்ற வேண்டும்.

மாற்றினேன் நைனா. ஒவ்வொரு கிளிப்பின் கீழும் இரண்டு வரியாக ஓடிக்கொண்டிருந்த ஒலி ஆறு வரியாகப் பிரிந்து நின்றது, ஸ்பீக்கர்களுக்கு ஐந்து, பாஸ் பெட்டிக்கு ஒன்று. நான்கு பக்கமும் கேட்கிற மைக் இந்தக் கேமராவில் இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாயே, நாங்கள் காதில் வாங்கியதே இல்லை. இத்தனை நாளும் அந்த சாஃப்ட்வேர் முன்பக்கத்து இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டிருந்தது.

ப்ளே அழுத்தினேன். நான்கு மேளமும் எழுந்து தங்கள் தங்கள் இடத்துக்குப் போயின. நம் நாதஸ்வரம் நேர் முன்னால். ஒரு கல்யாணம் வலது தோளுக்கு அப்பால், ஒன்று இடது தோளுக்கு அப்பால். இன்னொன்று முதுகுக்குப் பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம். யாரோ காவடிக்காரர்கள் அரோகரா போட்டபடி இடமிருந்து பின்னால் சுற்றிக் கடந்துபோனார்கள். நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் மண்டபம் என்னைச் சுற்றி எழுந்தது. இதைத்தான் நீ தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாயா?

ஐந்து ஸ்பீக்கர் வரைந்த ஒரு வட்டம் திரையில் வருகிறது. அதன் நடுவில் ஒரு புள்ளி. அதை மவுஸால் இழுத்த பக்கம் சத்தம் நகர்கிறது. ஐயர் மந்திரத்தை நடு ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன். தவிலைக் கொஞ்சம் பாஸ் பெட்டிக்குத் தள்ளினேன். அடுக்களையில் டம்ளர்கள் அதிர்ந்தன. இன்னாடி பண்றே என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

தாலி கட்டுகிற இடம் வந்தது. கெட்டிமேளத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க முன் மூன்றையும் இறக்கி, பின் இரண்டை மட்டும் ஏற்றினேன். மேளம் தூரத்துக்குப் போயிற்று. யாரோ மூச்சு விடுகிற சத்தம், காதோரத்தில். பிறகு அம்மாவின் குரல்: "கேமராவ யார் கைலயாவது குடுத்துட்டு வாங்க. பொண்ணு உங்களத்தான் தேடுது."

அதற்குப் பிறகு நீ.

"வேணாம் சாந்தி. இது கைல இருக்கறதாலதான் நின்னுகினு இருக்கேன். கீழ வச்சேன்னா கொழந்த எதிர்லயே அழுதுடுவேன்."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் படம் இலேசாக ஆடும். யாரோ கூட்டத்தில் உன்னை இடித்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஆட்டத்தைச் சரிசெய்கிற பொத்தானையும் அழுத்தி, நேராக்கியும் வைத்திருந்தேன். யாரும் இடிக்கவில்லை. உன் கைதான் நடுங்கியிருக்கிறது. நான் லென்ஸைப் பார்த்த அதே நேரத்தில் நீ அதற்குப் பின்னால் என்னைப் பார்த்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாய்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். எல்லா இடத்திலும் நீ இருந்தாய் நைனா. மலையில் நான் படியேறும்போது, "புடவ தடுக்குது, பாத்து வா" என்று முணுமுணுக்கிறாய். மாலை மாற்றும்போது செருமுகிறாய். சாப்பாட்டுப் பந்தியில் யாரிடமோ, ஆங், எங்க பொண்ணுதான் என்கிறாய். படத்தில் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ சரியாக எனக்கு எதிரே, கேட்கிறவர்களுக்கு முதுகுப் பக்கம். நீ நின்ற அந்த இடத்தை ஒரு இயந்திரம் இத்தனை மாதம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. இதை எப்படி நம்புவது?

அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த இடத்தை ஓடவிட்டேன். அவள் சொன்னது வந்தது. உன் பதில் வந்தது.

அம்மா சட்டென்று திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். "அன்னிக்கு இன்னாமோ சொன்னாரு. மேளத்துல ஒண்ணும் கேக்கல. நானும் வேற வேலையா போயிட்டேன்."

இன்னொரு தடவை போடச் சொன்னாள். குரலைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். "வேணாம், பழையபடியே வையி. அவரு அவ்ளோ சத்தமா பேச மாட்டாரு."

அப்படியே வைத்தேன். நேராக்கிய படத்தையும் பழையபடி ஆடவிட்டுவிட்டேன். மோகன் வந்து பார்த்தபோது, இந்த இடம் ஆடுகிறதே என்று கேட்டார். ஆடட்டும் என்றேன். காரணத்தைச் சொல்வதற்குப் பதில் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார்.

இங்கே எல்லாரும் நலம். ஆடி மாசம், மலையில் கூட்டம் தொடங்கிவிட்டது. அம்மா இப்போதெல்லாம் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்துதான் பூக்கட்டுகிறாள், பின்சுவருக்கு முதுகு காட்டி.

இனி ஒரு வேலை பாக்கி. சொந்தக்காரர்கள் யாரும் ஐந்து ஸ்பீக்கர் வைத்திருக்கவில்லை. எல்லாரும் ஃபோனில்தான் பார்ப்பார்கள். அவர்களுக்காக ஆறையும் இரண்டாகச் சுருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் சாஃப்ட்வேர் தானே சுருக்கிவிடும், முன்போலப் பின்பக்கத்தை உதறிவிட்டு. நான் அதை நம்பப்போவதில்லை நைனா. உன் ஒவ்வொரு செருமலையும் ஒவ்வொரு மூச்சையும் என் கையாலேயே முன்னால் எடுத்துவந்து சேர்ப்பேன். அரக்கோணத்து அத்தை ரயிலில் நின்றபடி பார்த்தாலும், எவ்வளவு மட்டமான ஃபோனாக இருந்தாலும், என் கல்யாணத்தில் என் நைனா இருப்பார். இது சத்தியம்.

நீ பார்த்துக்கொண்டே இருந்த உன் மகள்,
பவித்ரா