மோட்டாருக்கு வரும் அழைப்பு

காளிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் முருங்கைப் பொடிப் பாக்கெட்டுக்கு அச்சடித்து வந்த லேபிள் கட்டுக்குள் இந்தக் கடிதத்தை வைத்து, உன் அம்மா வீட்டுக்கு மல்லாங்கிணறு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

கோயம்புத்தூர் ஆர்டருக்கு நானே இலை காயவைத்தேன். மிளகாய் வத்தல் நினைப்பில் மொட்டை மாடியில் பரப்பிவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் வைக்கோல் நிறம். நேர் வெயில் படக்கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மறுபடி பறித்து, நீ கட்டிய சோலார் கொட்டகைக்குள் போட்டிருக்கிறேன். பச்சை போய்விடுமோ என்று அரைமணிக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிறேன். உட்கார முடியவில்லை.

உன் அண்ணன் முன்னால், "ஆடு திங்கிற தழையக் காசு குடுத்து எவன் வாங்குவான்?" என்று கேட்டேனே, அதைப் பற்றி எழுத வரவில்லை.

வேறொன்று. போனில் கூப்பிட்டால் ஓடுகிற நம் தோட்டத்து மோட்டாரில் உன் நம்பரும் என் நம்பரும்தான் பதிந்திருக்கின்றன. நீ கிளம்பிப் போன இந்தப் பத்து நாளாக, நான் போனைத் தொடுவதற்கு முன்பே முருங்கைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. இன்று காலையும் பாய்ந்தது.

மோட்டாரைக் கூப்பிடுகிறவள், ஒருதரம் என்னையும் கூப்பிடு.

இப்படிக்கு,
கொட்டகை வாசலிலேயே நிற்கிறவன்